ஜப்பானியச் சட்டிச் சாப்பாட்டுக் கடைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானில் குளிர் எட்டிப் பார்த்ததும் கூட வேலை பார்ப்பவர்கள் "நாபே சாப்பிடப் போகலாமா?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். நாபே என்றால் சட்டி. மேசை நடுவில் ஓர் அடுப்பு, அதன்மேல் சட்டி, சட்டியில் சாறு. சுற்றி உட்கார்ந்து, வேக வேக எடுத்துச் சாப்பிடுவது. இந்தக் கடைகள் பலவற்றில் உடோன், சோபா என்ற நூடுல்ஸும் கிடைக்கும். கோதுமை மாவில் செய்த தடித்த வெள்ளை நூல் உடோன். பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த மெல்லிய சாம்பல் பழுப்பு நூல் சோபா.

நம்மவர்கள் ராமென் கடைக்குத் தயங்காமல் போய்விடுவார்கள். வாசலில் துணித்திரை தொங்குகிற, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏற வேண்டிய பழைய கடை என்றால் மட்டும் கால் பின்வாங்கும். என்ன சொல்லிக் கேட்பது, எதை எதில் முக்குவது, எப்போது எழுந்திருப்பது என்று ஒன்றும் தெரியாது. ஒசாகாவில் என் முதல் குளிர்காலத்தில் பாதி இப்படித்தான் போனது. உள்ளே போன பிறகுதான் எத்தனை நல்ல சாப்பாட்டைத் தவறவிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாப்பாடு முழுக்கச் சாற்றைச் சுற்றியே நடக்கிறது. சட்டியில் போடும் ஒவ்வொன்றும் அதற்கு ருசி ஏற்றுகிறது. கடைசியில் நூடுல்ஸோ சோறோ அந்த ருசியை உறிஞ்சிக்கொள்கிறது. எதை முதலில் போடுவது, எதற்கு அவசரப்படக் கூடாது, எதை மிச்சம் வைப்பது என்பதெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

போகும் முன்

நாபே பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறையாமல்தான் தருவார்கள். மெனுவிலேயே "இரண்டு பேர் அளவிலிருந்து" என்று போட்டிருக்கும். தனியாகப் போகிறீர்கள் என்றால் ஒற்றை ஆளுக்கான சின்னச் சட்டி உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நூடுல்ஸ் பக்கம் போய்விடலாம்.

மதியம் இரண்டு மணிவாக்கில் மூடி, மாலை ஐந்துக்குத் திறக்கும் கடைகள் நிறைய. மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே கடைசி ஆர்டர் வாங்கிவிடுவார்கள். நாபேக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும், ஆகவே இரவு மூடும் நேரம் நெருங்கும்போது போய் நிற்காதீர்கள். வெள்ளி, சனி இரவுகளில் முன்பதிவு செய்வது நல்லது. ஜப்பானிய மொழி தெரிந்த நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். நீங்கள் சாப்பிடாதது என்ன என்பதையும் அப்போதே சொல்லச் சொல்லுங்கள்.

தரையில் உட்காரும் தத்தாமிப் பாய் அறை, நாற்காலி மேசை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வசதி என மூன்று விதம் உண்டு. அந்த நடு வசதிக்கு ஹோரிகோதாட்சு என்று பெயர். தாழ்ந்த மேசைக்கு அடியில் பள்ளம் இருக்கும், காலைத் தொங்கப் போட்டுக்கொள்ளலாம். முட்டி வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். பாயில் உட்கார்ந்தாலும் கவலை வேண்டாம், நமக்குச் சம்மணம் கைவந்தது. ஓட்டை இல்லாத சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். வெறுங்காலோடு பாயில் ஏறுவதை அங்கே விரும்பமாட்டார்கள். சின்னக் கடைகளில் சிலவற்றில் அட்டை செல்லாது. கையில் ரொக்கம் இருக்கட்டும்.

சாற்றில் என்ன இருக்கிறது?

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ஜப்பானியச் சமையலின் அடிச்சாறுக்குத் தாஷி என்று பெயர். வழக்கமாக அதில் இரண்டு பொருள்கள். ஒன்று கொம்பு என்ற தடித்த கடற்பாசி. வடக்கே ஹொக்கைடோ கடலில் விளைவது. இன்னொன்று கட்சுவோபுஷி. சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டை போல இறுகும்வரை காயவைத்து, இழைப்புளியில் சீவியது போல மெல்லிய சுருளாகச் சீவுவார்கள். இலங்கைச் சம்பலில் இடித்துப் போடும் மாசி தெரியுமல்லவா? அதே சூரை மீன், அதே அவித்துப் புகைத்துக் காயவைக்கும் வழி. மாசி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குத் தாஷியின் மணம் முதல் வாயிலேயே பழகியதாக இருக்கும்.

கொம்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றி, கொதி வரும் முன் எடுத்துவிடுவார்கள். அப்புறம் மீன் சீவலைப் போட்டு உடனே வடிகட்டிவிடுவார்கள். அந்தக் கொம்புத் தண்ணீரின் ருசி எதனால் என்று ஆராய்ந்துதான் 1908இல் தோக்கியோவின் கிகுனாயே இகேதா அதிலிருந்து குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது: தட்டில் காய்கறியும் டோஃபுவும் மட்டும் இருந்தாலும் சாற்றில் மீன் இருக்கும். "இறைச்சி இல்லாமல் கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் மீன் சாற்றில் வெந்த காய்கறிதான் வரும். கொடுப்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். அவர் கணக்கில் தாஷி என்பது மீன் சாப்பாடே இல்லை. ஆகவே "நிக்கு தோ சகானா வா தாபேமாசென்" (இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன்) என்று சொல்லி, கூடவே "கட்சுவோ தாஷி மோ தாபேராரெமாசென்" (கட்சுவோ தாஷியும் சாப்பிட முடியாது) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜப்பானிய மொழியில் எழுதி போனில் வைத்துக்கொண்டு காட்டுவது இன்னும் நல்லது.

அப்படியானால் சைவருக்கு வழியே இல்லையா? உண்டு. கியோட்டோவில் நான்சென்ஜி கோயில் பக்கம் யுதோஃபு என்ற டோஃபு நாபே பிரபலம். கொம்பு போட்ட வெந்நீரில் டோஃபுவைச் சுட வைத்து எடுத்துச் சாப்பிடுவது. தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கலாம் என்பதால் அதற்குப் பதில் வெறும் சோயா சாஸும் இஞ்சியும் கேளுங்கள். புத்தத் துறவிகளின் மரபில் வந்த ஷோஜின் உணவகங்களில் மீன் தாஷியே கிடையாது. உடோன் நூலில் கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மட்டுமே. நூலில் சிக்கல் இல்லை, அது மிதக்கும் சாற்றில்தான்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் சுகியாகியைத் தவிர்த்துவிடுங்கள், அது பெரும்பாலும் மாடுதான். மாட்டுக்கு க்யூ, பன்றிக்கு பூத்தா, கோழிக்குத் தோரி. இந்த மூன்று சொல்லையும் காதில் ஏற்றிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு சொல்: இறைச்சி ஹலாலா என்பதோடு கேள்வி முடிவதில்லை. சாற்றிலும் தொடுசாற்றிலும் சாக்கே, மிரின் என்ற அரிசி மதுக்கள் சேர்ப்பது அங்கே சாதாரணம்.

பக்வீட் ஒவ்வாமை உள்ளவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. வட இந்தியாவில் குட்டு என்று விரத நாளில் சாப்பிடுவார்களே, அதேதான் பக்வீட். இதன் ஒவ்வாமை சிலருக்கு மூச்சை அடைக்கும் அளவுக்குப் போகும். பாக்கெட் உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்றாக ஜப்பானியச் சட்டம் இதை வைத்திருக்கிறது. சோபாவும் உடோனும் விற்கும் கடையில் இரண்டையும் ஒரே கொப்பரையில் வேகவைப்பது உண்டு. ஆகவே "நான் உடோன்தானே சாப்பிடுகிறேன்" என்று இருந்துவிடாதீர்கள். "சோபா அரெருகீ தேஸ்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாசலிலிருந்து மேசை வரை

வாசலில் தொங்கும் துணித்திரைக்கு நோரென் என்று பெயர். அது வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்து வைத்திருந்தால் மூடிவிட்டார்கள். கையால் லேசாக விலக்கி உள்ளே போனால் "இராஷ்ஷாய்மாசே" என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் வரும். வரவேற்பு அது; பதில் சொல்ல வேண்டியதில்லை, தலையசைத்தால் போதும். எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள். அவர்கள் இடம் காட்டும்வரை நின்றுகொண்டிருங்கள்.

செருப்பு கழற்றும் கடை என்றால் தரை ஓரிடத்தில் ஒரு படி உயரும். கழற்றிய காலால் கீழ்த்தரையை மிதிக்காமல் அப்படியே மேலே ஏறுவது முறை. நம் வீட்டு வாசல் போலத்தான். செருப்பை வைக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும், மரத்துண்டே சாவி. கழிப்பறைக்குள் தனி ரப்பர் செருப்பு கிடக்கும். அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உட்கார்ந்ததும் சூடான ஈரத் துண்டு வரும். அது கைக்கு. தண்ணீரோ தேநீரோ இலவசமாகவே வரும். மது ஆர்டர் செய்தால், கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வரலாம்: ஊறவைத்த கீரை, ஒரு துண்டு மீன் என்று. தோக்கியோ பக்கம் அதற்கு ஓட்டோஷி, ஒசாகா பக்கம் சுகிதாஷி. சில நூறு யென் பில்லில் ஏறும். இருக்கைக் கட்டணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், வழக்கம் அது.

கூப்பிட வேண்டுமென்றால் கையை லேசாகத் தூக்கி "சுமிமாசென்" என்றால் போதும். சத்தமாகச் சொல்லலாம், தப்பில்லை.

எந்தச் சட்டி?

ஷாபு ஷாபு என்பது தாளாகச் சீவிய இறைச்சியைக் கொதிக்கும் கொம்புத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் அலசிச் சாப்பிடுவது. அலசும்போது கேட்கும் சத்தம்தான் பெயர். ஒசாகாவின் சுஎஹிரோ என்ற கடை 1952இல் வைத்த பெயர் இது. சுகியாகியில் சோயாவும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்புச் சாறு. தோக்கியோவில் கலந்து வைத்த சாற்றை ஊற்றிக் காய்ச்சுவார்கள். ஒசாகா பக்கம் இறைச்சியை முதலில் சட்டியில் சுட்டு அதன்மேல் சர்க்கரையும் சோயாவும் போடுவார்கள். இரண்டிலும் பச்சை முட்டையை அடித்து அதில் தோய்த்துச் சாப்பிடுவது வழக்கம். பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே தேதி போட்டு விற்கும் முட்டை அது; இருந்தாலும் கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் விட்டுவிடுவது நல்லது. முட்டை இல்லாமலும் சாப்பிடலாம்.

கோழி மட்டும் என்றால் ஃபுக்குவோக்காவின் மிசுதாகி. எலும்போடு கொதித்துச் சாறு பால் போல இருக்கும். சூமோ மல்லர்களின் சாங்கோ நாபேயிலும் கோழிதான் முக்கியம். மாடும் பன்றியும் நாலு காலில் நிற்கும், மல்லன் கையைத் தரையில் ஊன்றினால் தோல்வி. கோழியோ இரண்டு காலில் நிற்கிறது, அதனால் அது ராசி என்பார்கள். தோக்கியோவில் சூமோ அரங்கம் இருக்கும் ர்யோகொக்கு பகுதியில் இதற்கென்றே கடைகள் உண்டு.

முதன்முறை போகிறவருக்கு என் பரிந்துரை உடோன்சுகி. ஒசாகாவின் மிமியு என்ற பழைய கடையில் பிறந்த வகை. தெளிந்த, பொன்னிறமான தாஷியில் இறால், மட்டி, கோழி, காளான், சீன முட்டைகோஸ், டோஃபு வகைகள், கூடவே தடித்த உடோன். நாபேயும் நூடுல்ஸும் ஒரே சட்டியில் கிடைத்துவிடும். சாறு அத்தனை நல்லது என்பதால் தொட்டுக்கொள்ள வேறெதுவும் வேண்டாம். துருவிய இஞ்சி, நறுக்கிய வெங்காயத் தண்டு, ஒரு துளி எலுமிச்சை போதும்.

சட்டி கொதிக்கும்போது

முதல் முறை நான் உடோன்சுகி சாப்பிடப் போனபோது, தட்டில் அழகாக அடுக்கி வந்த அத்தனையையும் ஒரே தடவையில் சட்டியில் கவிழ்க்கப் போனேன். பரிமாற வந்த வயதான அம்மா "யுக்குரி, யுக்குரி" என்று என் கைக்குக் குறுக்கே தன் கையை நீட்டினார். மெதுவாக, மெதுவாக. அப்புறம் அவரே செய்து காட்டினார். சாறு கொதித்ததும் முதலில் கோழி. அடுத்து முட்டைகோஸின் தடித்த வெள்ளைத் தண்டு, காளான். மீண்டும் கொதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, உயிரோடு துள்ளிக்கொண்டிருந்த இறாலை இடுக்கியால் எடுத்து உள்ளே விட்டு, உடனே மூடியைப் போட்டு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். உள்ளே டக், டக் என்று இரண்டு மூன்று தட்டல். அமைதியானதும் மூடியைத் திறந்தார். ஆவியோடு எழுந்த மணம், அவர் வருவதற்கு முன் அந்தச் சட்டியில் இல்லாத மணம்.

அந்த வரிசைதான் எல்லா நாபேக்கும். நேரம் எடுப்பவை முதலில்: எலும்போடு கூடிய கோழி, முள்ளங்கி, கேரட், தண்டுப் பகுதிகள். அடுத்து காளான், டோஃபு, மீன். இலைகள் கடைசி. ஷுங்கிக்கு என்று ஒரு கீரை வரும், சாமந்தி இனம், லேசான கசப்பு. அதைப் போட்டு பத்தெண்ணி எடுத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் சட்டியை நிரப்பினால் சூடு இறங்கிவிடும், கீரை குழையும், முள்ளங்கி வேகாது. சாப்பிடும் அளவுக்கு மட்டும் போட்டு, எடுத்துத் தின்று, மறுபடி போடுங்கள். சட்டியில் கண்ணாடி நூல் போல ஒன்று மிதந்தால் அது ஷிராதாகி. நம் சேனைக்கிழங்கின் உறவான கொன்ஞாக்குக் கிழங்கின் மாவில் செய்தது, சைவம்தான்.

கொதிக்கும்போது மேலே நுரை கட்டும். அதற்கு அக்கு என்று பெயர். ஓட்டைக் கரண்டியும் தண்ணீர்க் கிண்ணமும் அதற்காகத்தான் வைத்திருப்பார்கள். நுரையை மட்டும் எடுத்துத் தண்ணீரில் அலசிவிடுங்கள், சாற்றை அள்ளிக் கொட்டாதீர்கள். எதை எப்போது போடுவது என்று மேசையில் அதிகாரம் செய்பவரை ஜப்பானியர்கள் "நாபே புக்யோ" என்று கேலியாகச் சொல்வார்கள், புக்யோ என்றால் அந்தக் காலத்து நடுவர். நுரை எடுத்துக்கொண்டே இருப்பவர் "அக்கு தாய்கான்". தாய்கான் என்றால் மாவட்ட அதிகாரி. கெட்ட அதிகாரி என்ற பழஞ்சொல்லோடு ஒலிக்கும் சிலேடை அது. உங்கள் மேசையில் அப்படி ஒரு புக்யோ இருந்தால் நல்லதாகப் போயிற்று, பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஷாபு ஷாபுவில் மாட்டு இறைச்சி இளஞ்சிவப்பு மாறும்போதே எடுத்துவிடலாம். பன்றி, கோழி முழுக்க வெந்திருக்க வேண்டும், இதில் சமரசம் கூடாது. பச்சை இறைச்சியைத் தொடும் குச்சி வேறு, வாயில் வைக்கும் குச்சி வேறு. பொதுக்குச்சியோ கரண்டியோ கட்டாயம் இருக்கும், அதனாலேயே எடுங்கள். எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெருங்கிய குடும்பத்தினர் தங்கள் குச்சியாலேயே எடுப்பார்கள்; நீங்கள் விருந்தாளி என்றால் பொதுக்குச்சிதான்.

ஷாபு ஷாபு போன்றவற்றில் தொட்டுக்கொள்ள இரண்டு கிண்ணம் வரும். பொன்சு என்பது எலுமிச்சை இனப் பழச்சாறும் சோயாவும், புளிப்பாக. கோமாதாரே என்பது எள் விழுது, கெட்டியாக. கீரை, மீன், டோஃபுவுக்குப் பொன்சு. பன்றிக்கும் கோழிக்கும் எள். ருசி பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

குச்சிப் பழக்கத்தில் இரண்டை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். சோற்றில் குச்சியை நட்டு வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள். தகனத்துக்குப் பிறகு எலும்புகளை அப்படித்தான் இருவர் சேர்ந்து எடுப்பார்கள். இந்த இரண்டும் உண்மையிலேயே மனதைத் தைப்பவை. குச்சி பிடிக்கும் விதம் கோணலாக இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சாப்பிடத் தொடங்கும்போது கைகூப்பி "இதாதகிமாஸ்" சொல்லுங்கள்.

ஷிமே: சாற்றை விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள்

சட்டியில் காயும் கறியும் தீர்ந்ததும் சாப்பாடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரமாக ஒவ்வொன்றின் ருசியும் இறங்கி, சாறு இப்போதுதான் பக்குவத்துக்கு வந்திருக்கிறது. அதில் உடோனோ சோறோ போட்டு முடிப்பதற்கு ஷிமே என்று பெயர். "ஷிமே" என்று சொன்னாலே என்ன வேண்டும் என்று கேட்பார்கள். சுகியாகிக்கு உடோன் நல்ல இணை. ஷாபு ஷாபுவில் கிஷிமென் என்ற தட்டை நூடுல்ஸும் தருவார்கள். ஏற்கெனவே உடோன் சேர்ந்த சட்டி என்றாலும், மிசுதாகி போலக் கோழிச் சாறு என்றாலும், என் ஓட்டு சோசுய்க்கு.

சோசுய் என்றால் கஞ்சிதான். சட்டியில் மிதக்கும் துணுக்குகளை எடுத்துவிட்டு, கழுவிய ஆறின சோற்றைப் போட்டு ஒரு கொதி விடுவார்கள். உப்பு பார்த்து, அடித்த முட்டையை நூலாக மேலே சுற்றி ஊற்றி, அடுப்பை அணைத்து மூடிவிடுவார்கள். அரை நிமிடம். மூடியைத் திறந்தால் முட்டை பாதி இறுகிப் பாதி தளதளவென்று இருக்கும். மேலே வெங்காயத் தண்டு. காய்ச்சலில் அம்மா வைத்துத் தரும் கஞ்சியின் இதம், கூடவே ஒரு சட்டி விருந்தின் ருசி. இதற்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளாமல் இறைச்சியை இன்னொரு தட்டு சொல்லாதீர்கள்.

கடைசி வரை சூடு ஆறாமல் வைத்திருப்பது தொனாபே என்ற மண்சட்டி. புதுத் தொனாபேயை வாங்கினால் முதலில் அதில் கஞ்சி காய்ச்சிப் பழக்குவார்கள், மண்ணின் நுண்துளை அடைபடுவதற்கு. மண்சட்டியைக் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதில்லை.

நூடுல்ஸ் மட்டும் சாப்பிடப் போனால்

தனியாகப் போகும் நாளுக்கு இது. சோபாவில் முதலில் குளிர்ந்ததா சூடானதா என்று முடிவு செய்யுங்கள். ஜாரு சோபா என்றால் மூங்கில் தட்டில் குளிர்ந்த நூல், பக்கத்தில் கிண்ணத்தில் தொடுசாறு. காக்கே என்றால் சூடான சாற்றில் போட்டது. நல்ல சோபா என்று சொல்லும் கடையில் முதலில் ஜாருதான் சொல்ல வேண்டும், மாவின் மணம் அதில்தான் தெரியும். பக்வீட் மட்டுமே போட்டது ஜூவாரி. எட்டுப் பங்கு பக்வீட்டும் இரண்டு பங்கு கோதுமையும் சேர்த்தது நிஹாச்சி. ஜூவாரி மணம் தூக்கலாக இருக்கும், நூல் எளிதில் அறுந்துவிடும். முதல் தடவைக்கு நிஹாச்சியே போதும்.

ஒரு வாய் அளவு நூலை எடுத்து, நுனியை மட்டும் சாற்றில் தொட்டு, சத்தமாக உறிஞ்சுங்கள். தோக்கியோப் பக்கத்துத் தொடுசாறு கருத்து, உப்பு தூக்கலாக இருக்கும். முழுக்க முக்கினால் நூலின் மணம் போய்விடும். உறிஞ்சும்போது காற்றோடு சேர்ந்து மணம் மூக்குக்கு ஏறுகிறது. சத்தம் போட்டுச் சாப்பிடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். பக்கத்து மேசையைப் பாருங்கள், பழகிவிடும். வசாபியைச் சாற்றில் கரைத்துவிடாமல் நூலின்மேல் கொஞ்சம் வைத்துச் சாப்பிட்டால் அதன் காரம் தனியாகத் தெரியும்.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில், மூலையில் மூக்கு வைத்த ஒரு சதுர அரக்குப் பாத்திரம் மேசைக்கு வரும். உள்ளே கலங்கலான வெந்நீர். அது சோபா வேகவைத்த தண்ணீர், பெயர் சோபாயு. மிச்சமிருக்கும் தொடுசாற்றில் இதை ஊற்றிக் கலந்து குடிக்க வேண்டும். வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்த ஆட்கள் நாம், இது நமக்கு எத்தனை இயல்பு! முதல் தடவை எனக்கு அது எதற்கென்று தெரியாமல் தொடாமலே வந்துவிட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

உடோனுக்கு வந்தால், ஒசாகா பக்கம் சாறு தெளிவாக, கிண்ணத்தின் அடி தெரியும்; தோக்கியோ பக்கம் கருப்பு. நிறம் குறைவென்றால் உப்பும் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள், மேற்குப் பகுதியின் வெளிர் சோயாவில்தான் உப்பு அதிகம். இந்த ருசி வேறுபாடு எத்தனை ஆழமானது என்றால், 1976இல் வந்த நிஸ்ஸின் நிறுவனத்தின் தொன்பேய் கப் உடோனையே கிழக்குக்கு ஒரு சாறு, மேற்குக்கு ஒரு சாறு என்று தனித்தனியாகத்தான் விற்கிறார்கள். கிட்சுனே உடோன் என்று கேட்டால் இனிப்பாக வேகவைத்த பொரித்த டோஃபு மேலே வரும். கிட்சுனே என்றால் நரி; நரிக்குப் பொரித்த டோஃபு பிடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

நாகோயா பக்கம் போனால் மிசோ நிக்கோமி உடோன் சாப்பிடாமல் வராதீர்கள். மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுது கரைத்த கருஞ்சிவப்புச் சாற்றில், மண்சட்டியோடு கொதித்துக்கொண்டே மேசைக்கு வரும். மூடியைப் பாருங்கள், ஆவி போகும் துளை இருக்காது. அந்த மூடியைக் கவிழ்த்துத் தட்டாக வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அதில் எடுத்து ஆற்றிச் சாப்பிட வேண்டும். நூல் வேகவில்லையோ என்று தோன்றும் அளவுக்கு விறைப்பாக இருக்கும், அதன் பக்குவமே அப்படித்தான்.

காரம் இல்லையே என்று தவிப்பவர்களுக்கு மேசையில் சின்னக் குப்பி இருக்கும். ஷிச்சிமி என்றால் ஏழு பொருள் சேர்ந்த பொடி, வாசம் அதிகம், காரம் கொஞ்சம். இச்சிமி என்றால் மிளகாய் மட்டும். நமக்கு இச்சிமி. ஆனால் முதல் நாலு வாய் எதுவும் போடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். சாறு என்ன சொல்கிறது என்று தெரிந்த பிறகு தூவிக்கொள்ளலாம்.

பணம் கொடுக்கும்போது

பில் பெரும்பாலும் மேசையிலேயே கவிழ்த்து வைத்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் இருக்கும் கல்லாவுக்குப் போங்கள். மேசையிலேயே கேட்க வேண்டுமென்றால் "ஓகாய்கே ஒனெகாய்ஷிமாஸ்". தனித்தனியாகக் கொடுக்க "பெட்சு பெட்சு" என்று கேட்டுப் பாருங்கள். நாபேக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு வெளியே வந்து பிரித்துக்கொள்வது சுலபம். கல்லாவில் சின்னத் தட்டு ஒன்று இருக்கும். பணத்தைக் கையில் நீட்டாமல் அதில் வையுங்கள், சில்லறையும் அதிலேயே வரும். உட்கார்ந்து சாப்பிட்டால் வரி பத்து சதவீதம், கட்டி எடுத்துப் போனால் எட்டு. டிப்ஸ் கிடையாது. மேசையில் காசு விட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெருவரை ஓடி வந்து கொடுப்பார்கள்.

கிளம்பும்போது "கோச்சிசோ சமா தேஷிதா" என்று சொல்லுங்கள், சமையல்கட்டுப் பக்கமும் கேட்கிற மாதிரி. ஆள் வைத்துச் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் பழைய கடை என்றால், நீங்கள் படியருகே வருவதற்குள் உங்கள் செருப்பு முனை வாசலைப் பார்த்தபடி தயாராக இருக்கும். காலை நுழைத்து, நோரெனை விலக்கி, குளிருக்குள் இறங்க வேண்டியதுதான்.